ஜீரோவில் பட்ட விரல்

பாண்டி பஜாரில் மிளகாய் பஜ்ஜி வாசனை வந்தால் உங்களுக்கு நாக்கு ஊறும். எனக்கு உள்ளங்கை வியர்க்கும். நேற்றும் வியர்த்தது. "பஜ்ஜியப் பாத்து பயப்படுற ஒரே ஆம்பள நீங்கதான்" என்றாள் மனைவி. காரணத்தை அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால், ரத்தப் பரிசோதனை மெஷின்களைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. ரத்தத்துக்குள் வெளிச்சத்தை விட்டு, அது எவ்வளவு வெளிச்சத்தை விழுங்குகிறது என்று எண்ணில் சொல்லும் மெஷின். முதலில் ஒரு சதுரக் கண்ணாடிக் குப்பியில் வெறும் தண்ணீரை வைத்து, 'இதுதான் ஜீரோ' என்று அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். குப்பியின் இரண்டு பக்கம் சொரசொரப்பு, இரண்டு பக்கம் பளபளப்பு. வெளிச்சம் புகுந்து போகும் பளபளப்பில் விரலே படக்கூடாது. இதை ஊரெல்லாம் போய்ப் பாடம் எடுத்தவன் நான்.

அன்று மயிலாப்பூரில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரி. காலையில் எல்லாம் சரியாக வந்தது. மத்தியானம் பஜ்ஜி தின்றுவிட்டு வந்து, கிளம்பும் அவசரத்தில் கடைசியாக ஒரு ஜீரோ போட்டேன். தி.நகரில் பஸ்ஸைவிட்டு இறங்கி, டிக்கெட்டை எறியப் போனவன் நின்றுவிட்டேன். அதில் எண்ணெயாய் என் கட்டைவிரல் ரேகை. அந்த விரலால்தான் குப்பியைப் பிடித்தேன். பளபளப்பான பக்கத்தில்.

அழுக்கை ஜீரோ என்று நம்பிய மெஷின் இனி எல்லாவற்றையும் குறைத்துத்தான் சொல்லும், பிறந்த குழந்தைகளின் மஞ்சள் காமாலையையும்.

மயிலாப்பூருக்கே திரும்பிய ஆட்டோ ஆழ்வார்பேட்டை தாண்டுவதற்குள் எல்லாச் சாமிக்கும் மொட்டை வேண்டிக்கொண்டேன். அப்போதே தலையில் கொடுப்பதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

லேபில் இருந்த விமலா அக்கா, "இன்னா நைனா, மூஞ்சி செத்துப்போய்க் கீது?" என்றார்.

சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு கொயந்த ரிப்போர்ட்டு குட்த்துட்டேனே. நார்மல்னு வூட்டுக்கு அனுப்ட்டாங்க."

அக்காவுக்கு ஒரு பழக்கம். ரிப்போர்ட் போனாலும் ரத்தத்தைச் சாயந்திரம்வரை கொட்டமாட்டார். வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதம் சுற்றி ஃப்ரிட்ஜில் வைத்திருப்பார். குப்பியைத் துடைத்து, புது ஜீரோ போட்டு, அந்த ரத்தத்தை மறுபடி வைத்தோம். எண் ஏறியது. ஆபத்தான அளவைத் தாண்டித்தான் நின்றது. நான் மெஷினையே பிடித்துக்கொண்டேன். "நாற்காலியப் புடி, மெஷினப் புடிக்காத" என்றார் அக்கா.

அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடைக்குப் போன் போட்டோம். இருட்டுவதற்குள் குழந்தை திரும்பி வந்து, காமாலைக்கு வைக்கும் நீல விளக்கின் கீழ் படுத்துக்கொண்டது. "இன்னாக்கா ஆச்சு?" என்றாள் தாய்.

"மெஷின் கோளாறும்மா. இந்தத் தம்பிதான் கண்டுபுட்ச்சுது."

அந்தப் பெண் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். ஊரெல்லாம் வாயடிக்கும் நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

நாலாம் நாள் குழந்தை நல்லபடியாக வீட்டுக்குப் போனது. ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மெஷின் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும், கெட்ட பெயரோடு. போன மாசம் விமலா அக்காவும் போய்விட்டார். அந்தக் கும்பிடு எனக்கு உரியதில்லை என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.