லாரியில் வந்த உருப்படி

அந்த ஆவணக் காப்பகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேலிருந்து அக்கா' என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் காகிதக் கட்டுகள் வந்து இறங்கினால் ஒருவரையும் அவிழ்க்க விடமாட்டாள். "முதல்ல மேலிருந்து வாங்க" என்பாள். மொத்தத் தொகுப்பு யாருடையது, எப்படிச் சேர்ந்தது என்று எழுத வேண்டும். அதற்குள் என்னென்ன பிரிவுகள், பிரிவுக்குள் என்னென்ன கோப்புகள், கோப்புக்குள் என்னென்ன தாள்கள் என்று இறங்க வேண்டும். மேலே சொன்னதைக் கீழே திரும்பச் சொல்லக் கூடாது. வந்த வரிசையைக் கலைக்கவே கூடாது. பழக்கம் ஊறிப்போய்விட்டது. கணவன் "சாவி எங்க?" என்று கேட்டால்கூட, "நம்ம வீடு, முன் அறை, மேசை, கீழ் இழுப்பறை" என்று படிப்படியாகத்தான் சொல்வாள். அவள் இழுப்பறைக்கு வருவதற்குள் அவனுடைய பஸ் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற தெருவிளக்கு ஆய்வாளர் ஒருவரின் காகிதங்களைக் கொடுக்க அவருடைய மகள் முன்வந்தாள். எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது, எது விட்டு விட்டு மினுக்கியது என்று மனிதர் எழுதி எழுதியே வீட்டை நிரப்பிவிட்டார். மகளுக்குக் கட்டில் போட இடமில்லை. நன்கொடைக் கடிதத்தில், 'என் அப்பா சம்பந்தப்பட்ட அனைத்தும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

லாரி வந்தது. பின்கதவைத் திறந்தால், விளக்குகளைப் பற்றிய காகிதக் கட்டுகளுக்கும் விளக்குக் கம்பங்களைப் பற்றிய கட்டுகளுக்கும் நடுவே ஒரு நாற்காலி. அதில் ஆய்வாளர், மடியில் குடையோடு.

"ஐயா, நீங்க எப்படி இதுல?"

"அனைத்தும்னு எழுதியிருக்கா இல்ல? அதுல நான் வரமாட்டேனா?"

அக்கா கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அவர் நீங்கலாக என்று ஓரிடத்திலும் இல்லை. இயக்குநரிடம் போனாள். அவர் ஜன்னலைத் திறப்பதற்கே மேலிடத்து அனுமதி கேட்கிற ஆள்.

"எழுத்துல இருக்குறத நாம மீற முடியாதும்மா. இவரை எந்த மட்டத்துல போடலாம்னு பாருங்க" என்றார்.

அங்கேதான் சிக்கல். தொகுப்பை உண்டாக்கியவர் என்ற முறையில் அவருடைய வரலாறு உச்சியில் வர வேண்டும். ஆனால் ஆள் வந்ததோ இரண்டு கட்டுகளுக்கு நடுவில். கோப்பு என்று சொல்ல உள்ளே தாள் இல்லை. தாள் என்று போடலாமென்றால், ஒல்லிதான், ஆனாலும் அந்த அளவுக்கு இல்லை. கடைசியில் விளக்குப் பிரிவுக்கும் கம்பப் பிரிவுக்கும் இடையே, 'தனி உருப்படி ஒன்று, உட்கார்ந்த நிலையில், குடையுடன்' என்று எழுதினாள். எண் சீட்டைப் பருத்தி நாடாவில் கட்டி நாற்காலியில் தொங்கவிட்டாள். மூலப் பொருளின் மேல் பசை படக் கூடாது.

வரிசை கலையாமலிருக்க நாற்காலியும் இரண்டு ரேக்குகளுக்கு நடுவிலேயே போடப்பட்டது. இரவில் அவர் காவலர் அறையில் படுத்துக்கொண்டார். அதை, 'பராமரிப்புக்காக வெளியே எடுக்கப்பட்டது' என்று பதிந்தாள்.

ஒருநாள் சரிபார்ப்புக்கு வந்த அதிகாரி, "உருப்படியைக் காணோமே!" என்றார். நாற்காலி காலி. அவள் ஓடிப்போய்த் தேடினால், தெருமுனையில் ஆய்வாளர் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார்.

"பட்டப்பகல்ல எரியுது பாரும்மா. வெக்கமே இல்லாத விளக்கு!"

எளிதில் சேதமாகும் பொருளைப் பிடிப்பதுபோல் இரு கைகளாலும் தாங்கிக் கூட்டிவந்தாள்.

சில நாள் கழித்து மகள் வந்தாள். கட்டில் போட்டாயிற்றாம், தூக்கம்தான் வரவில்லையாம்.

"அப்பாவைப் பாக்கணும்."

"வேண்டுகைச் சீட்டு எழுதிக் குடுங்க. வாசிப்பு அறையில உக்காருங்க, கொண்டுவரேன். சாப்பாட்டு டப்பாவை வெளியே வெச்சிருங்க. பேசுறதா இருந்தா மெதுவா."

வீட்டில் அப்பாவும் மகளும் பேசினால் தெருக்கோடிவரை கேட்கும். இங்கே சத்தம் போட முடியாது. எதிரெதிரே உட்கார்ந்து கிசுகிசுத்தார்கள். கிசுகிசுப்பில் சண்டை போட இருவருக்குமே வரவில்லை. மகள் தினமும் வர ஆரம்பித்தாள். ஒருநாள், "நான் இவரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றாள்.

"இரவல் தர விதி இல்லைங்க" என்றாள் அக்கா, மனசே இல்லாமல்.

"விதி இருந்தாலும் வரமாட்டேன்" என்றார் ஆய்வாளர். "என்னைப் பத்தின விவரம் இன்னும் சரியா வரல. கடமை தவறாதவர்னு எழுதியிருக்கு. எவன் ஓய்வு பெற்றாலும் இதைத்தானே போடுவீங்க? அது நான் இல்லை."

"அப்போ நீங்களே சொல்லுங்க, ஐயா."

அவர் திரும்பி மகளைப் பார்த்தார்.

"ஊர் விளக்கெல்லாம் எரியுதான்னு பார்ப்பாரு. எங்க வீட்டுல பல்ப் போச்சுன்னா நான்தான் ஸ்டூல் போட்டு ஏறணும். சின்ன வயசுலேருந்தே" என்றாள் மகள். கோபமாகச் சொல்ல நினைத்தாள் போலும். கடைசி வார்த்தை கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

ஆய்வாளர் குடையின் பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "நிஜம்தான். எழுதிக்கோம்மா" என்றார்.

'வீட்டு விளக்குகளை மகளே மாற்றிவந்தார்' என்று அக்கா எழுதினாள். மொத்த வாழ்க்கைக்கும் பொருந்துவதால் உச்சி மட்டத்திலேயே சேர்த்தாள். அவர் இரண்டு முறை படித்துவிட்டுத் தலையசைத்தார்.

அதற்கப்புறம் அவள் விதிப்புத்தகத்தோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டுபிடித்தாள். தவறிச் சேர்ந்துவிட்ட பொருளை உரியவரிடம் திருப்பித் தரலாம். இத்தனை வருஷத்தில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட அவள் அப்படி வெளியே விட்டதில்லை. பேனா கொஞ்சம் தயங்கியது. 'தவறிச் சேர்ந்த உருப்படி ஒன்று, குடையுடன், குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டது' என்று எழுதி மகளிடம் கையெழுத்து வாங்கினாள்.

"தவறின்னு எப்படிப் போடலாம்? நான் தெரிஞ்சேதானே ஏறி உக்காந்தேன்" என்று படியிறங்கும்வரை முணுமுணுத்துக்கொண்டே போனார் ஆய்வாளர். மகள் அவர் கையை விடவில்லை.

இப்போது அவர் வாரத்துக்கு ஒருநாள் வாசகராக வருகிறார். தன் காகிதங்களையே சீட்டு எழுதிக் கேட்டு வாங்கிப் படிக்கிறார். நடுநடுவே, "யாரோ நல்லாத்தான் எழுதியிருக்கான்" என்று சத்தமாகச் சொல்லிவிடுகிறார். மேலிருந்து அக்கா விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு, அவருக்காகக் கம்பப் பிரிவின் முதல் கட்டை அவிழ்க்கிறாள்.