அரிசி டப்பாவுக்குள் போன்

குடிநோய் மையத்தில் ஆலோசகராக இருக்க நல்ல காது வேண்டும். அதைவிட, சிரிப்பை அடக்கத் தெரிய வேண்டும். எனக்குக் காது மட்டும் உண்டு. புனேயில் கோந்த்வா பக்கம் பல வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன். தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும் என் மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். பூட்டிய பூட்டைத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறவர்களே, "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு" என்று சொல்லிவிட்டு, சேருவதற்குள் தாங்களே நாலு தடவை போன் போடுகிறவர்களே, நாமெல்லாம் ஒரே கட்சி. இதைக் கேளுங்கள்.

ஆசையில்லாத குடிகாரர்

ஆறுமுகம் புனேயிலேயே தாபோடிப் பகுதிக்காரர். பூர்வீகம் அரக்கோணம், இங்கே ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மனைவி தேவகிக்குப் பால்வாடியில் வேலை. "என் தங்கச்சிக்கு ஊர்ல வளைகாப்பு வருது மேடம்," என்று அவள்தான் ஆரம்பித்தாள். "அப்பா காரியத்துக்குப் போனப்போ, இவர் குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கிடக்கறார்னு பாதியில ஓடி வந்தேன். இந்தத் தடவையும் குடிச்சார்னா, நான் திரும்பி வர மாட்டேன்." சத்தம் போடாமல் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

எப்போது குடிப்பீர்கள் என்று அவரைக் கேட்டேன். சம்பள நாள், சண்டை நாள் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், தேவகி போனை எடுக்காத நாள் என்றார். ஷிஃப்ட் முடிந்ததும் போடுவார். குழந்தைகளுக்கு நடுவில் அவளால் எடுக்க முடியாது. மறுபடி போடுவார். அதற்கும் எடுக்காவிட்டால், தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்றே தோன்றும். சின்ன வயதில் இவரை அத்தை வீட்டில் விட்டுவிட்டு, அடுத்த மாசம் அழைத்துப்போகிறோம் என்று புனேவுக்கு வந்த அப்பா அம்மா, வருஷக்கணக்கில் வரவே இல்லையாம். பிடித்த ஆள் கைவிட்டுவிடுவாரோ என்ற அந்தப் பதற்றம் உள்ளேயே தங்கிவிட்டது. அதை அடக்க அவருக்குத் தெரிந்த மருந்து ஒரு குவார்ட்டர். "எனக்கு அதுமேல ஆசையே இல்ல மேடம்," என்றார். "அவ போன எடுத்துட்டா, டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

ப்ளூ டிக்

சனிக்கிழமைகளில் எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசவிடுவோம். பாணேர் பக்கமிருந்து நிவேதிதா என்று ஒரு ஐடி பெண் வருவாள். வீட்டில் தமிழ்தான், ஆனால் வாயில் தடுக்கித் தடுக்கி வரும். காதலன் வாட்ஸப் மெசேஜைப் பார்த்துவிட்டுப் பதில் போடாவிட்டால் இவள் ஒயின் பாட்டிலைத் திறந்துவிடுவாள். தலையைக் குனிந்துகொண்டு இதை அவள் சொல்லி முடித்ததும், ஆறுமுகம் மெல்லச் செருமினார். "எங்க வீட்டுல அந்த ப்ளூ டிக்கையே ஆஃப் பண்ணிட்டாம்மா. பாத்தாளா பாக்கலயான்னே இப்ப தெரியல."

மையத்துக்கு வந்ததிலிருந்து அந்தப் பெண் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிரித்தாள். "அங்கிள், நீங்களுமா? நான் மட்டும்தான் லூசுன்னு நெனச்சேன்."

கேட் ரூல்

ஒருநாள் சும்மா கேட்டேன்: ஷிஃப்ட் நேரத்தில் என்ன செய்வீர்கள்? "உள்ள போன் விட மாட்டான் மேடம். கேட்லயே வாங்கி வெச்சுடுவான்." அப்போது பதற்றம் வராதா? யோசித்துப் பார்த்துவிட்டு, "வராது, ரூல் ஆச்சே," என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. நாள் முழுக்கப் போன் இல்லாமல் இருக்கிற மனுஷன், வெளியே வந்து பத்து நிமிஷம் இருக்க முடியாது என்கிறார்.

வீட்டிலும் ஒரு கேட் வையுங்கள் என்றேன். அவராகவே அரிசி டப்பாவைத் தேர்ந்தெடுத்தார். வந்ததும் போனை அரிசிக்குள் புதைத்து மூடிவிட வேண்டும். தேவகி வந்த பிறகுதான் எடுக்கலாம். அடுத்த சனிக்கிழமை முகமெல்லாம் பல்லாக வந்தார். "எடுக்கணும்னா கையெல்லாம் அரிசி ஆவுது மேடம். அந்தச் சோம்பேறித்தனந்தான் என்னைக் காப்பாத்துது."

அடிக்காத போன்

ஜெயித்துவிட்டோம் என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட வாரமே தேவகி மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். ஷிஃப்ட் முடிந்து வருகிற வழியில் வழக்கமாகப் போடும் ஒரு போன்கூட அன்று சாயங்காலம் அவரிடமிருந்து வரவில்லையாம். இவளே போட்டாலும் எடுக்கவில்லையாம். பால்வாடியைப் பாதியில் விட்டுவிட்டு ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அங்கே அரிசி டப்பா அடித்துக்கொண்டிருக்கிறது. மனுஷன் நிம்மதியாகத் துணி மடித்துக்கொண்டிருக்கிறார். இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதை மறந்து, பாதி வீட்டுக்குத்தான் வைத்தியம் பார்த்திருக்கிறேன். அன்றிலிருந்து அவளையும் சனிக்கிழமை வட்டத்தில் சேர்த்துக்கொண்டேன். "இத்தன வருஷம் போன் அடிக்குதேன்னு திட்டினேன்," என்றாள். "அன்னிக்கு அடிக்கலயேன்னு அழுதேன் மேடம்."

வளைகாப்பு

தேவகி ரயில் ஏறினாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரே ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், அவர் திரும்பக் கூப்பிடக் கூடாது என்று பேச்சு. மறுநாள் சனிக்கிழமை. ஆறுமுகம் காலையிலேயே மையத்துக்கு வந்துவிட்டார். கையில் டிபன் டப்பா, அதற்குள் அரிசி, அரிசிக்குள் போன். மதியம் வரவேண்டிய மிஸ்டு கால் வரவில்லை. சாப்பாடும் ஆயிற்று. அவர் தட்டைத் தொடவே இல்லை. ரயில் எங்காவது நின்றிருக்கும் என்று சமாதானம் செய்ய நிவேதிதா தன் போனில் பார்த்தாள். எப்போதோ அரக்கோணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆறுமுகம் டப்பாவோடு எழுந்து செருப்பைப் போட்டார். தெருமுனையிலேயே மதுக்கடை. நிவேதிதாதான் பின்னாலேயே போனாள். "அங்கிள், என் போனையும் உள்ள போடுங்க. நானும் ஒரு ரிப்ளைக்குத்தான் காத்திருக்கேன்." அவர் அவளைப் பார்த்தார், டப்பாவைத் திறந்தார். இரண்டு போனையும் புதைத்துவிட்டு வாசற்படியிலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் டப்பா ஒரு தடவை அடித்து ஓய்ந்தது. கிளறிப் பார்த்தால், அவருடைய போன். தேவகி பெயரைப் பார்த்தார், மறுபடி அரிசிக்குள் வைத்தார், மூடினார். கூப்பிடவில்லை. உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டிருந்த எங்கள் வட்டத்து மராத்திக்காரர்கள் எல்லாம் "ஷாபாஸ்" என்று கை தட்ட, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் தேவகி என்னைக் கூப்பிட்டாள். மதியமே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். தங்கைக்கு வளையல் அடுக்கி, நலங்கு வைத்து, சிரித்துப் பேசியதில் மிஸ்டு கால் கொடுக்க மறந்தே போய்விட்டதாம். கல்யாணம் ஆனதிலிருந்து அவரை மறந்தது இதுதான் முதல் தடவையாம். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்ற பயத்தோடு அதை ஆறுமுகத்திடம் சொன்னேன். டப்பாவை மடியில் வைத்து அதன் மூடியைத் தடவினார். "என்னை மறக்கற அளவுக்கு நிம்மதியா இருந்திருக்கா, பாருங்க மேடம்."

பெண்டாட்டி புருஷனை ஒரு மத்தியானம் முழுக்க மறந்துபோனதற்குத் தெருவுக்கே பேடா வாங்கிக் கொடுக்கிற தொழில், எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான்.