சங்குகுளிப்பவர்களின் ஏழாவது ஆட்டம்

மதுரை ரயிலிலிருந்து இறங்கி, பெட்டியும் கையுமாகத் தூத்துக்குடி கடற்கரை மைதானத்தில் நிற்கிறேன். போன வருடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாத எங்கள் சங்குகுளிப்பவர்களின் கால்பந்து அணி இந்த வருடம் ஆறு ஆட்டங்களை வென்றுவிட்டது. இன்று இறுதியாட்டம். எதிரே பூட்ஸ் அணிந்த வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி அணி, நம்மவர்களுக்கு வெறுங்கால். ஒரு கோல் நமக்கு முன்னிலை.

“இதோடு ஏழு” என்கிறேன்.

“எண்ணாதிய ஐயா! தோணி கரைக்கு வருமுன்ன சங்க எண்ணலாமா?” என்று பக்கத்தில் நிற்பவன் அதட்டுகிறான். அவன் நம் கோல்கீப்பரின் மச்சான். கோல்கீப்பர் சங்கெடுக்க மூழ்கும்போது தோணியிலிருந்து அவன் கயிற்றைப் பிடித்திருப்பவன்.

கடைசி நிமிடம். பந்தைப் பிடித்து விழுந்த கோல்கீப்பர்மேல் நான்கு பேர் விழுகிறார்கள். அவன் அசையவில்லை. நான் பெட்டியைப் போட்டுவிட்டு முன்னே ஓடப் பார்க்க, மச்சான் தடுக்கிறான்.

“பதறாதிய. தண்ணிக்குள்ள இதவிட ரொம்ப நேரம் மூச்சடக்கிக் கெடப்பான்.”

விசில் ஊதுகிறது. நான்கு பேரும் எழுந்து விலகுகிறார்கள். கோல்கீப்பர் தலை தூக்கி மூச்சு விடுகிறான். பந்து அவன் வயிற்றுக்கடியில் பத்திரமாக இருக்கிறது.