உமிக்கரியும் பொத்தான் பேட்டரியும்

நெல் உமியைக் காற்றுப் புகாத உலையில் சுட்டுக் கரியாக்கி, லித்தியம் பேட்டரிக்குள் பூசுகிற பொடியாக மாற்றுவது என் தொழில். கரியோடு மல்லுக்கட்டுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் தலையாட்டுங்கள், ஆறுதலாக இருக்கும்.

பேட்டரி சீக்கிரம் சாகாமலிருக்க இந்தப் பொடி உதவும். சென்னைக் கம்பெனி ஒன்று மாதிரி கேட்டிருந்தது. தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் கடையைக் கட்டிவிட்டு, கல்லூரி லேபில் குடுவை கழுவப் போவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தேன். எனக்குக் கரி பிடிக்கும். அதனால்தான் பயம்.

கதவுக்கு உள்ளே

ஆரணியில் பட்டறைக்கு இடம் கிடைத்தது நெசவாளர் தெருவில். காலையில் தெரு நெடுகப் பட்டு நூலைப் பாவாக நீட்டிக் கட்டுவார்கள். நானோ முழங்கை வரை கறுப்பு. ஒருநாள் பொடி மூட்டையோடு வாசலுக்கு வந்ததும், சந்தன நிறப் பாவைப் பிடித்திருந்த எதிர்வீட்டு அக்கா அலறிவிட்டார். ஆனால் திட்டவில்லை. அதுதான் கூடுதல் சங்கடம்.

“தப்பா நெனச்சிக்காதம்மா, பாவு சுத்தற வரைக்கும் உள்ளயே இரு. தும்மல் வந்தாகூட உள்ளயே தும்மிக்கோ.”

இன்னும் நிறையவில்லை

பொடி பூசிய பொத்தான் அளவு பேட்டரிகளை மெஷினில் மாட்டி, சார்ஜ் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் ஓடும். கரண்ட் போனாலும் நிற்காதபடி இன்வெர்ட்டர் வைத்திருந்தேன். பட்டறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரை மறந்துவிட்டேன்.

சேத்துப்பட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால் மெஷின் இருட்டாக இருந்தது. நல்லது செய்வதாக நினைத்து மனுஷர் அணைத்திருக்கிறார். நடுவில் நின்ற சோதனையைக் கம்பெனி ஏற்காது. உட்கார்ந்து அழுதேன், சொல்ல வெட்கமில்லை. அவரே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

“ரெண்டு மாசமா ஏறிகினே கீதும்மா. எங்க வூட்டு போனு ஒரு மணி நேரத்துல ரொம்பிடுது. உன்னுதுல எங்கியோ ஓட்டை கீது, பாத்துக்கோ.”

அதே உமி

முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன். இந்தத் தடவை ஸ்விட்ச்மேல் டேப் ஒட்டினேன். பேட்டரிகள் தாங்கின! கம்பெனிக்காரர்கள் கைகுலுக்கி, இதே பொடி லோடு கணக்கில் வேண்டும், இம்மியும் மாறக்கூடாது என்றார்கள்.

உமி வாங்கிய களம்பூர் மில்லுக்கு வண்டியில் பறந்தேன். நெல் ரகம் மாறினால் உமி மாறும், பொடியும் மாறும். இந்தப் போகம் விவசாயிகள் எல்லோரும் வேறு ரகம் போட்டிருந்தார்கள். பழைய உமியோ நெல் அவிக்கிற அடுப்பில் எரிந்து முடிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்த மில் முதலாளி முதலில் நாற்காலி போடச் சொன்னார்.

“உமிக்கோசம் யாரும்மா நெல்லு போடறாங்க? சோறு நல்லாகீதான்னுதான் பாக்கறாங்க.”

புது ரகத்தின் உமியில் ஒரு மூட்டையை வண்டியில் கட்டிக்கொண்டு திரும்பினேன். பேட்டரியின் ஆயுள் கூடுகிறதோ இல்லையோ, அதைச் சோதிப்பதிலேயே என் ஆயுள் போய்விடும் போலிருக்கிறது.