சவுண்டு அக்கா வராத வாரங்கள்

சவுண்டு அக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாத ஆளில்லை. பள்ளிச் சீருடை தைப்பது தொழில். வாராவாரம் வழிபாட்டுக் கூடத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் ஒரு ராகத்தில் போனால் தான் வேறொரு ராகத்தில் தொண்டை கிழியப் பாடுவதுதான் உயிர். அவளுக்கு வாய்த்த மகளோ, ஜனங்கள் ஏன் வழிபாட்டுக்கு வருவதை விட்டுவிடுகிறார்கள் என்று ஆராய்ச்சி பண்ணுகிறாள். எங்கே போய் முட்டிக்கொள்வது!

"கடவுள்மேல கோபம்னு யாருமே சொல்லலம்மா," என்றாள் மகள், சாப்பிடும்போது. "காய்ச்சல், வேலைன்னு ரெண்டு வாரம் போகல. ஏன் வரலன்னு ஒருத்தரும் கேக்கல. அப்படியே நின்னுட்டாங்க. முக்கால்வாசிப் பேர் கதை இதுதான்."

"உன் ஆராய்ச்சியில தீயை வைக்க! எங்க கூடத்துல அதெல்லாம் நடக்காது. நான் ஒரு வாரம் போகலன்னா வாசல்ல கூட்டம் கூடிரும், பாக்கிறியா?"

"பாத்துடுவோம்."

வீம்புக்கென்றே அந்த வாரம் அக்கா வீட்டில் தங்கிவிட்டாள். வருகிறவர்களுக்காக நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாள், பெரிய பாத்திரத்தில் டீ போட்டாள். ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. அத்தனை டீயையும் அம்மாவும் மகளுமே சாயங்காலம் வரை குடித்துத் தீர்த்தார்கள். அடுத்த வாரமும் அதே கதை. "வெயில் ஜாஸ்தி, அதான்" என்று சமாளித்தாளே தவிர, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கத்தினேனே, நான் இல்லாதது ஒருத்தருக்குமா தெரியவில்லை? மகளுக்கே பாவமாகிவிட்டது. "போதும்மா, அடுத்த வாரம் கிளம்பு" என்று கெஞ்சினாள். யாராவது ஒருத்தர் வந்து கேட்காமல் இனி அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சொல்லிவிட்டாள் அக்கா.

மூன்றாவது வாரம் கதவு தட்டும் சத்தம். ஓடிப்போய்த் திறந்தால், தெருமுனை வீட்டு பஸ் டிரைவர்! கூடத்தை விட்டு விலகிப் பல வருஷமான ஆசாமி.

"உடம்புக்கு ஒண்ணுமில்லையேக்கா? வாராவாரம் என் கேட்டைத் தாண்டும்போது 'நீ உருப்படவே மாட்டே'ன்னு திட்டிட்டுப் போவீங்க. ரெண்டு வாரமா ஆளையே காணோம். மனசு கேக்கல, வந்துட்டேன்."

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது, கூடவே கண்ணீரும். உள்ளே மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிரைவர் ஒன்றும் புரியாமல் முழித்தார். அவரை உட்காரவைத்து, கையில் டீயைக் கொடுத்த பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது.

"ஏம்ப்பா, நீ எதுக்கு வர்றத நிறுத்துன?"

டிரைவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா நீங்க வர்ற நேரம் பாத்து கேட்ல வந்து நிக்கிறேனேக்கா. நீங்களாவது இதைக் கேப்பீங்கன்னுதான்."

"ஐயோ, கூறுகெட்டவ நான்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அக்கா. நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "சொல்லுப்பா. இன்னிக்கு எனக்கு வேற எந்த வேலையும் இல்ல."