ரிவர்ஸ் விளக்கும் மூன்று தையல் மிஷின்களும்

தம்பி எதையும் கண்ணளவில் செய்ய மாட்டான். சுவரில் ஓர் ஆணி அடிப்பதானாலும் டேப்பை இழுத்து, பென்சிலால் புள்ளி வைத்து, தள்ளி நின்று பார்த்து, மறுபடி அளந்துதான் அடிப்பான். குடிநீர் நிலையத்தில் இருபத்தாறு வருடமாகப் பம்பு ஓட்டுகிறான். அவன் ஷிப்டில் தொட்டி ஒருநாளும் வழிந்ததில்லை, ஒருநாளும் வறண்டதில்லை. யாரிடம் பேசினாலும் மூன்றாவது வாக்கியத்தில் அக்கா இதைச் சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்போடு நின்றுபோனவள் அவள். தான் விட்ட படிப்பையும் சேர்த்து அவன் படித்துவிட்டதாகவே அவளுக்கு எண்ணம்.

அப்படிப்பட்டவன் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காருக்கடியில் மல்லாந்து கிடந்தபடி, காதுக்குள் கியர் ஆயில் வழிய, "சனியன் பிடிச்ச வண்டி" என்றான். பதினோரு வருடத்தில் அவன் அந்தக் காரைத் திட்டி அக்கா கேட்டது அதுதான் முதல் தடவை.

கார் அவனைவிட ஆறு வயதுதான் சின்னது. ஒரு பல் டாக்டர் வீட்டுப் பின்புறத்தில் செடி மூடிக் கிடந்தது. சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. எடைக்குப் போடவிருந்ததைக் கேட்டு வாங்கி, கயிறு கட்டி இழுத்துவந்து, வீட்டை ஒட்டிய ஷெட்டில் நிறுத்தினான். அதற்குப் பிறகு அவனுக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருந்ததில்லை. துருவைச் சுரண்டினான், தகரம் ஒட்டினான், வெளிர்பச்சை பெயிண்டு நாலு கோட்டு அடித்தான். ஐந்தாவது வருடம் கார் ஓடியது. பக்கத்துச் சீட்டில் முதலில் உட்கார்ந்தவள் அக்காதான்.

காருக்கு ஷெட் கிடைத்தது. தம்பி மனைவிக்கு ஹால்தான் கிடைத்தது. அவள் மூன்று பள்ளிக்கூடங்களுக்குச் சீருடை தைக்கிறாள். தைக்கிற மிஷின் ஒன்று, துணி ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மிஷின் ஒன்று, பட்டன் துளை போடும் காஜா மிஷின் ஒன்று. மூன்றும் ஹாலை அடைத்துக்கொண்டு நிற்கும். டிவி பார்க்க வேண்டுமானால் காஜா மிஷினுக்கு மேலே எட்டித்தான் பார்க்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டில் நீல நூல் கிடந்தால் அந்த வாரம் எந்தப் பள்ளிக்கூடம் என்று அக்கா சொல்லிவிடுவாள்.

இந்த வருடம் பழைய வண்டிகளுக்குச் சட்டம் இறுகியது. தகுதிச் சான்று புதுப்பிக்கப் போனபோது, முதல் தடவை ஹேண்ட் பிரேக் சரியில்லை என்று அதிகாரி திருப்பி அனுப்பினார். அதைச் சரிசெய்து கொண்டுபோனான். இரண்டாம் தடவை அவர் காரின் பின்னால் போய் நின்று, "ரிவர்ஸ் லைட் எங்க?" என்றார்.

"இந்த வண்டிக்குக் கம்பெனியிலேயே வைக்கலை சார்."

"இப்ப வைக்கணும். மூணாவது தடவையும் இல்லைன்னா பதிவு நம்பரே ரத்து. புதன்கிழமை வாங்க."

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது தம்பி மனைவி ஷெட்டுக்காக ஒரு பேச்சு பேசி முடித்தாள். "புதன்கிழமையும் திருப்பி அனுப்பினா வண்டி எடைக்குப் போகணும், ஷெட்டு எனக்கு. பாஸ் ஆயிடுச்சுன்னா நான் வாயைத் திறக்க மாட்டேன். அண்ணி சாட்சி."

"சரி" என்றான் தம்பி. அக்காவும் தலையாட்டினாள். தம்பி ஒரு விளக்கை மாட்டத் தோற்பானா என்ன.

பழைய சாமான் கடையில் ஒரு வேனிலிருந்து கழற்றிய வெள்ளைக் கண்ணாடி விளக்கு கிடைத்தது. கடைக்காரர் நல்ல யோசனைதான் சொன்னார். "டேஷ்போர்டுல ஒரு ஸ்விட்சை வைங்க. பின்னால போகும்போது தட்டி விடுங்க. அரை மணி நேர வேலை."

"தட்ட மறந்தா? கியர் போட்டா தானா எரியணும், எடுத்தா தானா அணையணும். அதுக்குப் பேர்தான் வேலை."

கடைக்காரர் அக்காவைப் பார்த்தார். "உங்க தம்பியா?"

"ஆமா" என்றாள் அவள், பரிசு வாங்கிக்கொள்கிற மாதிரி.

அந்தக் காரின் கியர் பாக்ஸ் பக்கவாட்டில் ஒரு போல்ட்டு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழற்றிவிட்டு, முனையில் ஒரு சின்ன ஊசி நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்விட்சை முடுக்க வேண்டும். ரிவர்ஸ் போட்டால் உள்ளே இருக்கிற தண்டு வந்து ஊசியை அழுத்தும், விளக்கு எரியும். சொல்லும்போது அவ்வளவுதான். ஸ்விட்ச் எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்பதை அதன் கழுத்தில் போடுகிற வாஷர்தான் முடிவு செய்யும். அந்த அளவைச் சொல்ல ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஆரம்பித்தார்கள். தம்பி காருக்கடியில். கியர் மாற்ற டிரைவர் சீட்டில் தம்பி மனைவி. விளக்கைப் பார்த்துச் சொல்லப் பின்னால் அக்கா.

ஒரு வாஷர் போட்டான். எந்தக் கியரிலும் விளக்கு எரிந்தது. மூன்று போட்டான். எதிலுமே எரியவில்லை. இரண்டு போட்டபோது, கியரை இறுக்கி அழுத்திப் பிடித்தால் மட்டும் எரிந்தது. ஒவ்வொரு தடவை ஸ்விட்சைக் கழற்றும்போதும் துளை வழியாக ஆயில் ஒழுகியது. கிண்ணத்தில் கொஞ்சம், அவன் மேல் மிச்சம்.

"ரிவர்ஸ் போடு."

"போட்டாச்சு."

"அக்கா, எரியுதா?"

"எரியலைடா."

"நல்லா அழுத்திப் போடேன்."

"இத்தனை தடவை ரிவர்ஸ் போட்டதுக்கு வண்டி நிஜமா நகர்ந்திருந்தா, இந்நேரம் எங்கம்மா வீட்டுக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்" என்றாள் தம்பி மனைவி.

கடைசியில் ஒரு வாஷரை அரத்தில் தேய்த்துப் பாதியாக்கி, முழு வாஷரோடு சேர்த்துப் போட்டான். ஊசி சரியாக உட்கார்ந்தது. அதுவரை வெளியே கிடந்த ஒயரைப் பின்சீட்டுக்கடியில் செருகிச் சீட்டை மாட்டினான். ரிவர்ஸ் போட்டதும் விளக்கு பளிச்சென்று ஒருமுறை எரிந்து அணைந்தது. ஃபியூஸ் போய்விட்டது.

மாற்றினான். ரிவர்ஸ் போட்டதும் போனது. மறுபடி மாற்றினான், மறுபடி போனது. வாங்கிவந்த நாலு ஃபியூஸும் பதினொன்றரை மணிக்குத் தீர்ந்தன. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாக, விளக்கு மாட்டப் போய், காலையில் கோளாறில்லாமல் இருந்த வண்டி இப்போது கோளாறாகி நின்றது. ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. புதன்கிழமை மூன்று நாளில். தம்பி எழுந்து உட்கார்ந்து, எரிந்துபோன ஃபியூஸைச் சற்றுநேரம் விரலில் உருட்டினான். பிறகு சாக்லேட் சுற்றியிருந்த வெள்ளித்தாளைக் கிழித்து அதன்மேல் சுற்றினான்.

அக்காவுக்கு ஃபியூஸ் தெரியாது, தம்பியைத் தெரியும். ஒருநாளும் செய்யாததைச் செய்கிறான் என்று அவன் முகமே சொன்னது. "டேய், இது சரியா?"

"தப்புதான், ஒயர் சுட்டாலும் இது அறுந்து காப்பாத்தாது. ஸ்விட்சுலதான் ஏதோ கோளாறு. ஒரே தடவை, இருபது செகண்டு. நான் கீழ இருந்து ஒயரைப் பிடிச்சுக்கிறேன்."

மறுபடி உள்ளே நகர்ந்தான். "சாவி போடு. ரிவர்ஸ்."

அக்கா விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. நிமிர்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பின்சீட்டுக்கடியிலிருந்து மெல்லிய நூல் மாதிரிப் புகை எழுந்தது. அதன் கீழே சிவப்பாக ஒரு கோடு ஓடியது.

"டேய், எரியுதுடா."

"எரியுதா? அப்பாடா." அடியிலிருந்து வந்த குரலில் காலையிலிருந்து இல்லாத சந்தோஷம். "கியரை எடுக்காத, அப்படியே இருக்கட்டும்."

"எரியுதுடா, எரியுது."

"தெரியுதுக்கா. மங்கலா எரியுதா, பளிச்சுனு எரியுதா?"

"பளிச்சுனுதான் எரியுது. புகையா வருதுடா."

அதற்குள் தம்பி மனைவி சாவியை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்து இறங்கியிருந்தாள். அவள் மூக்குக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. தம்பி பதறி வெளியே வரும்போது சைலன்சர் குழாயில் நெற்றி இடித்தது. ஓடிப்போய் பின்சீட்டைத் தூக்கி, தரைவிரிப்பை உருவி வெளியே எறிந்து மிதித்தான். ஒன்றரை அடி ஒயர் உருகிக் கிடந்தது. விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. சீட்டின் அடி கருகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்தச் சீட்டை அவன் தன் கையால் கட்டியபோது ஊசி பிடித்துக் கொடுத்தவள் அக்கா.

"எரியுதுன்னா நெருப்புன்னு சொல்லக் கூடாதாக்கா?"

"நெருப்பைப் பார்த்தா எரியுதுன்னுதானேடா வாயில வருது. விளக்குக்கும் நீ அதையேதான் கேட்டே."

அவன் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல் உட்கார்ந்தான். தப்பு தன் வாயிலா, அவன் சுற்றிய வெள்ளித்தாளிலா என்று அக்கா யோசித்தாள். வெள்ளித்தாள்தான். ஆனாலும் நெஞ்சு என்னவோ தன் வாயையே சொன்னது.

"எடைக்கே போட்டுடலாம்" என்றான் தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு. பிறகு மனைவியிடம், "நீ சாவியை அணைக்காம இருந்திருந்தா ஷெட்டு இன்னிக்கே உனக்குத்தான்."

"கரிஞ்ச ஷெட்டை வச்சு நான் என்ன தைக்கிறது?" அவள் கையில் ஒட்டிய கரியைத் துடைத்தாள். "பேச்சு புதன்கிழமைக்குத்தான். இன்னிக்கே தோத்துட்டேன்னு நீங்க உட்கார்ந்தா அது எனக்குச் செல்லாது." சொல்லிவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மிஷின் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை ஷிப்டு முடிந்து வந்து, சீட்டை முழுதாகக் கழற்றியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஸ்விட்சில் ஒரு கோளாறும் இல்லை. விளக்குக்குப் போகிற ஒயரைச் சீட்டின் இரும்புக்கால் நசுக்கி, உள்ளிருந்த செம்பு தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலு ஃபியூஸும் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் செத்தன. ஒவ்வொரு ஃபியூஸுக்கும் ஒரு தடவையாவது நின்று யோசித்திருக்கலாம் என்று தம்பி நாலு தடவை சொன்னான்.

கனமான ஒயர் வாங்கி, குழாய் உறைக்குள் நுழைத்து, ஒரு சாண் விட்டு ஒரு சாண் கட்டினான். சரியான ஃபியூஸ் போட்டான். அக்கா ஓர் அட்டையில் எழுதி டிக்கிக்குள் ஒட்டினாள்: விளக்கு எரிந்தால் 'வந்தது'. அணைந்தால் 'போனது'. வேறு எது எரிந்தாலும் 'தீ'.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் முழுக்க இப்படியே ஓடியது.

"வந்துச்சு."

"இப்ப?"

"போச்சு."

"என்ன போச்சு?" என்று ஹாலிலிருந்து தம்பி மனைவி கேட்டாள். "கரண்ட்டா?"

"உன் ஷெட்டு" என்றான் தம்பி. அந்த மூன்று நாளில் அவன் சொன்ன ஒரே வேடிக்கை அது. மிஷின் சத்தம் ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

புதன்கிழமை சோதனை மைதானத்தில் முன்னால் நாற்பது வண்டிகள். மதியச் சாப்பாட்டுக்கு அதிகாரி எழுந்துபோனவர் மூன்று மணிக்குத்தான் வந்தார். வெயிலில் காருக்குள் உட்கார முடியாமல், தம்பி காரின் நிழலிலேயே நின்றான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரிவர்ஸ் போட்டுப் பார்க்க வேண்டும் அவனுக்கு. அக்கா பின்னால் போய் நின்று "வந்துச்சு, போச்சு" என்று சொல்லிச் சொல்லி அவள் தொண்டைதான் போனது.

முறை வந்தபோது நாலரை. அதிகாரி பின்னால் நின்று கையைக் காட்டினார். "ரிவர்ஸ்." விளக்கு எரிந்தது. "முதல் கியர்." அணைந்தது. "ரிவர்ஸ்." எரிந்தது. அவர் குனிந்து விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"கியர்ல இருந்தே எடுத்திருக்கீங்களா? எல்லாரும் டேஷ்போர்டுலதான் ஒரு ஸ்விட்சு வைப்பாங்க."

"அதுவும் போதுமா சார்?"

"போதுமே" என்றபடி ஒரு வருடத்துக்கு முத்திரை குத்தினார்.

திரும்புகிற வழியில், அரை மணி நேர வேலைக்கு மூன்று நாளும் ஒரு சீட்டும் போயின என்று அவன் மனதுக்குள் கூட்டிக்கொண்டிருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. "நீ செஞ்சதுதான்டா வேலை" என்றாள். அவன் "ம்" என்றான்.

வீடு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காரை ஷெட்டுக்குள் பின்னோக்கித்தான் விடுவான். அக்கா இறங்கிக் கதவைத் திறந்து ஓரமாக நின்றாள். அவன் ரிவர்ஸ் போட்டான். வெளிச்சம் ஷெட்டுக்குள் விழுந்தது.

தரையில் சாக்குக்கட்டிக் கோடுகள். மூன்று கட்டம், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். ஒவ்வொன்றிலும் எழுத்து: தையல், ஓவர்லாக், காஜா, ஸ்டூல். ஷெட் காலியாக இருந்த அந்த ஒருநாளில் தம்பி மனைவி டேப்போடு வந்து வேலையை முடித்திருக்கிறாள்.

கார் நகரவில்லை. "வா, வா" என்று கைகாட்ட வேண்டியவள் அக்கா. கை எழவில்லை.

வெளிச்சம் பார்த்துத் தம்பி மனைவி வாசலுக்கு வந்தாள். கழுத்தில் டேப் தொங்கியது. "பாஸா?"

"பாஸ்."

"சரி." சொன்ன சொல் தவறாமல் அதோடு நிறுத்தினாள். கோடுகளை அவர்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "சாக்குக்கட்டிதானே. டயர் ஏறினா அழிஞ்சிடும். விடுங்க உள்ள" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

தம்பி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். "பேச்சு பேச்சா இருக்கணும்ல? நீதானே சாட்சி."

"பேச்சுப்படி உன் வண்டிதான் உள்ள போகணும். நான் இல்லைன்னு சொல்லலை" என்றாள் அக்கா. "ஆனா நான் கைகாட்ட மாட்டேன்டா. நீயே பார்த்து விட்டுக்கோ."

நாற்பத்தைந்து வருடத்தில் அவள் அவனுக்குக் கைகொடுக்க மறுத்தது அதுதான் முதல் முறை. அவனுக்குக் கோபம் வந்தது. ஸ்டியரிங்கைத் தட்டினான். "ஒரு லைட்டுக்கு மூணு நாள் உசிரு போச்சு. இப்ப இதுவுமா?" என்ஜினை நிறுத்தினான். வெளிச்சத்துக்காகச் சாவியை மறுபடி திருகிவிட்டு, கியரை எடுக்காமல் இறங்கி உள்ளே போனான். கோடுகளைச் சுற்றி ஒருமுறை நடந்தான்.

"இவ அளவைப் பாரு" என்றான் எரிச்சலோடு. "காஜா மிஷின் இங்க வந்தா கதவு பாதிதான் திறக்கும். தைக்கிற மிஷினுக்கு ஜன்னல் வெளிச்சம் பின்னால இருந்து விழும், கை நிழல் துணியிலதான் கிடக்கும். யாராவது இப்படிப் போடுவாங்களா?"

அக்கா உள்ளே வந்து அவன் பக்கத்தில் நின்றாள்.

அவன் மண்டிபோட்டு ஒரு கோட்டை உள்ளங்கையால் அழித்தான். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, நுனியை அவளிடம் நீட்டினான்.

"பேட்டரி இறங்கிடும்டா" என்றாள், பின்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டி.

"இறங்கட்டும். சுவரோட ஒட்டிப் பிடி. ஆடாமப் பிடி அக்கா."