யோகேஸ் அண்ணாவின் ஓம்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் குழாய் ஒழுகினால் ஓடிவருகிற யோகேஸ்வரனும், சனிக்கிழமை பப்பில் ப்ளூஸ் பாடுகிற யோகேஸ்வரனும் ஒரே ஆள்தான் என்றால் பலர் நம்புவதில்லை. நான் அவர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். சத்தியம் செய்யத் தயார்.

பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னி வந்தவர். பிளம்பர் வேலை பழகிய நாட்களில், யாரோ ஒருவர் வீட்டுக் குளியலறையில் படுத்துக் குழாய் மாட்டும்போது ரேடியோவில் ப்ளூஸ் பாட்டு ஒன்றின் ஸ்லைடு கிட்டார் கேட்டிருக்கிறது. "அழுறதுக்கு முன்னம் தொண்டை ஒரு இழுவை இழுக்குமே, அப்பிடி இருந்தது" என்பார். அன்று மாலையே வெட்டி மிஞ்சிய செப்புக் குழாய்த் துண்டை இடது சுண்டுவிரலில் மாட்டி, இரவல் கிட்டாரின் கம்பிகள்மேல் இழுத்துப் பார்த்தார். முப்பது வருஷமாக அதே துண்டுதான்.

பாட்டுகளை அவரே ஆங்கிலத்தில் எழுதுவார். விசாக் கடிதம் வராத செவ்வாய்க்கிழமை பற்றி ஒன்று, அடைத்துக்கொண்ட சிங்க் பற்றி ஒன்று. சிங்க் பாட்டுதான் உசத்தி என்பது என் கட்சி. அவர் ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு வரி பாடுவார், கிட்டார் பதில் சொல்லும், அதற்கு இவர் "ஓம்" என்பார். யாழ்ப்பாணத்தாருக்கு அது 'ஆமாம்'. பப்பில் இருக்கும் வெள்ளைக்காரர்களுக்கோ மந்திரம். கண்ணை மூடிக் கைகூப்பிவிடுவார்கள். ஒரு இசைவிழா நடத்தியவர்கள் 'ஆன்மிக ப்ளூஸ்' என்று நோட்டீஸே அடித்தார்கள். "விடும் தம்பி, சனம் வருது தானே" என்றார் அண்ணா. அவர்களைக் கிண்டல் செய்ய எனக்கும் யோக்கியதை இல்லை. மதுரையிலிருந்து வந்த புதிதில் அவருக்கு போன் செய்தபோது, நான் சொன்னதற்கெல்லாம் "ஓம்... ஓம்..." என்றார். பூஜையில் இருக்கிறார் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு வைத்துவிட்டேன். உண்மையில் அவர் கோயிலுக்குப் போவதென்றால் அங்கே குழாய் உடைந்திருக்க வேண்டும்.

போன வருஷம் அந்தச் சுண்டுவிரல் மடங்கத் தொடங்கியது. உள்ளங்கைக்குள் ஏதோ கயிறு போல இறுகி விரலை இழுத்துப் பிடித்துக்கொண்டது. செப்புத் துண்டு ஏறவில்லை. மோதிரவிரலில் மாட்டினால் சுருதி எங்கேயோ போனது. மூன்றாவது ஆல்பம் பாதியில் நின்றது. "குழாய் மாட்ட ஏலாத பிளம்பர்" என்று எங்களிடம் சிரித்தவர், கராஜில் தனியாக உட்கார்ந்து அழுததை அவர் மனைவி சந்திரவதனா அக்கா பார்த்திருக்கிறார். அறுவை செய்யலாம், ஆனால் நிமிரும் என்று உறுதி தர முடியாது என்றார் டாக்டர்.

அண்ணா சம்மதித்தார். அறுவை நாளில் கைக்கு மட்டும்தான் மரத்துப்போக ஊசி. அண்ணா விழித்தபடியே இருப்பார். அக்காவும் நானும் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைக்கார நர்ஸ் ஒருவர் வந்தார். உங்கள் கணவர் பிரார்த்தனை செய்கிறார், டாக்டர் மரியாதையாகக் காத்திருக்கிறார் என்றார்.

அக்காவின் முகம் வெளுத்தது. "இந்த மனுசனோ? நான் எத்தனை வருசம் கெஞ்சியும் கும்பிடாத ஆள். செந்தில், உள்ளுக்க என்னவோ பிழைச்சுப் போச்சு."

அக்கா ஆங்கிலத்தில் நர்ஸைக் கேட்டார்: அவர் என்ன சொல்லிப் பிரார்த்தித்தார்?

நர்ஸ் பக்தியோடு கைகூப்பிக் காட்டினார். "ஓம், ஓம்."

அதற்கு முன்பு டாக்டர் என்ன கேட்டார் என்றார் அக்கா, ஆங்கிலத்திலேயே.

விரலை நிமிர்த்த முடிகிறதா என்று கேட்டாராம்.

அக்கா தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தார். முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை, பிறகு இரண்டும். "ஏலுதாம் செந்தில்" என்றார். "நிமிருதாம்." நர்ஸ் ஒன்றும் புரியாமல் டிஷ்யூ பெட்டியை நீட்டினார். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது.

நான்கு மாதம் கழித்து அதே பப்பில் செப்புத் துண்டு கம்பியில் ஏறியது. வழக்கமாக அக்கா பின்வரிசையில் நின்று, கண்மூடிக் கைகூப்புகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பார். அன்று முதல் "ஓம்" வந்ததும் நான் அந்தப் பக்கம் பார்த்தேன். அக்காவும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.